தண்ணீர் ஊற்றிய பிறகு

இந்த வருடம் படிப்பை முடித்துப் பிரசவ வேலைக்குப் போகிற பெண்களே, உங்களில் ஒருத்தி போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். வேலை நேரத்தில் தன்னால் செபிக்க முடியவில்லை என்று சொல்லி அழுதாள். வலி எடுத்தவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் கடவுள் மறந்து போகிறாராம். வேலை முடிந்து கை கழுவும்போதுதான் ஞாபகம் வருகிறாராம். இது பாவமா என்று கேட்டாள்.

நான் அவளுக்குக் காப்பி கொடுத்து, "பாவமில்ல, போ" என்று அனுப்பிவிட்டேன். அது பதிலாகாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னிடம் இருக்கிற பதில் ஒரு வீட்டில் ஒரு பகலில் நடந்த சம்பவம். வாயால் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

அப்போது பிரெஞ்சுக்காரர் காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. நான் பட்டணத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்க்க ஆரம்பித்திருந்த புதிது. எங்களுக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரியை எல்லோரும் மசேர் என்று கூப்பிடுவோம். மசேர் எங்களுக்கு இரண்டு விஷயத்தை அடித்து அடித்துச் சொல்லியிருந்தார். ஒன்று, கை கழுவுவது. பரலோக மந்திரத்தை அவசரப்படாமல் சொல்லி முடிக்கிற வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். இன்னொன்று, பிள்ளை பிழைக்காது போலிருந்தால் சாமியார், அதாவது பாதிரியார், வருகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அங்கே இருக்கிற யாராவது தலையில் தண்ணீர் ஊற்றி, அந்த வார்த்தைகளைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம்.

உங்களுக்கு இதையெல்லாம் இப்போது கொஞ்சம் இதமாகச் சொல்லித் தருகிறார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. ஞானஸ்நானம் இல்லாமல் போன சிசு ஆண்டவர் முகத்தைப் பார்க்காது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் புதைப்பார்கள். ஒரு பிரசவத்துக்குப் புறப்படும்போது எனக்கு இரண்டு பயம் இருக்கும். உயிர் போய்விடுமோ என்று ஒன்று. ஆன்மா போய்விடுமோ என்று இன்னொன்று. இந்த இரண்டையும் தாங்க முடியாமல் நான் ஒரு வழி வைத்திருந்தேன். வேலை நடக்கிற வரைக்கும் உள்ளுக்குள்ளே மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று முடிந்தால் அடுத்தது. அதுதான் வேலையிலும் ஆண்டவரை நினைத்திருப்பது என்று நம்பினேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் நெல்லித்தோப்பிலிருந்து சவரிமுத்து வந்தார். மில்லில் தறி ஓட்டுகிறவர். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, முழங்காலுக்கு மேலே சேறாக வாசலில் நின்றார்.

"எங்க வூட்ல நேத்தே வலி எடுத்துடுச்சி. இன்னும் ஒண்ணும் ஆவல. எங்க அக்கா உங்கள இட்டாரச் சொல்லுச்சி."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரலாமே?"

"புஷ்புஷ்காரன் வர மாட்டேன்னுட்டான். தெருவுல சக்கரமே தெரியல."

புஷ்புஷ் என்றால் ஆள் பின்னாலிருந்து தள்ளிப் போகிற வண்டி. அதுவும் போகாத தெருவில் நாங்கள் இரண்டு பேரும் நடந்தே போனோம். வழியில் அவர் ஒன்றே ஒன்று சொன்னார். முதல் பிள்ளை செத்துப் பிறந்ததாம். சுவருக்கு வெளியே புதைத்தார்களாம். "மழ பேஞ்சா அங்கதான் மொதல்ல தண்ணி நிக்கும்" என்றார். நான் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மந்திரத்தைத் தொடங்கிவிட்டேன்.

வீடு ஒரு அறையும் ஒரு தாழ்வாரமும்தான். அறையில் பாய் மேல் லூர்தம்மாள் படுத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் தலைமாட்டில் சவரிமுத்துவின் அக்கா தெரேசாள் உட்கார்ந்திருந்தார். கோயிலில் ஞான உபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, சீக்கிரமே தாலியறுத்தவர். அந்தத் தெருவில் யார் வீட்டில் சாவு என்றாலும் செபமாலை சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாதா படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சுவரோரமாக முழந்தாளிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் மூடி வைத்திருந்தது. அது எதற்கென்று நான் கேட்கவில்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இந்தத் தபா சர்வேசுரன் கைவுட மாட்டாரு" என்றார் தெரேசாள். சொல்லிவிட்டுச் செம்பின் மூடியைச் சரிசெய்தார்.

பிரசவம் எப்படி நடந்தது என்று உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. நேரம் ஆயிற்று. அவள் களைத்துப் போனாள். நான் அவளைத் திட்டினேன், கெஞ்சினேன். உச்சி வேளை தாண்டி, கூரையில் மழைச் சத்தம் காதை அடைக்கிற நேரத்தில் பிள்ளை வந்தது. ஆண்பிள்ளை. என் கையில் ஈரத்துணி மாதிரிக் கிடந்தான். வெளுத்திருந்தான். உதடு மட்டும் நீலம்.

"அழுவலியே" என்றாள் லூர்தம்மாள்.

கொடியை அறுத்தேன். வாயைத் துடைத்தேன். முதுகைத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. காதை வைத்துக் கேட்டேன். நெஞ்சுக்குள்ளே எங்கேயோ தூரத்தில், நின்று நின்று ஒரு துடிப்பு இருந்தது. அப்படியே தரையில் குனிந்து அவன் வாய் மேல் வாய் வைத்து ஊத ஆரம்பித்தேன்.

"மொதல்ல தண்ணி ஊத்தும்மா" என்று தெரேசாள் கத்தினார். "ஊதறத அப்புறம் ஊதலாம். இவனும் செவுத்துக்கு வெளியதானா?"

நான் வாயை எடுத்து அந்த வார்த்தைகளைச் சொன்னால் போதும். சில நொடிதான். ஆனால் எனக்கு வாயை எடுக்கப் பயம். எடுத்த அந்த நொடியில் துடிப்பு நின்றுவிட்டால்? எடுக்காமல் இருக்கவும் பயம். ஊதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, ஒரு கையால் செம்பைக் காட்டினேன். பிறகு தெரேசாளைக் காட்டினேன்.

அவருக்குப் புரிந்தது. ஒரு கணம் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு செம்பை எடுத்து என் கன்னத்தோரமாக அந்தச் சின்னத் தலையில் தண்ணீரை ஊற்றினார். "அந்தோணி, பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." ஒரு வார்த்தை தப்பவில்லை. தண்ணீர் என் உதட்டில் பட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

தெரேசாள் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். "ஆச்சு" என்றார். "இனிமே பயமில்ல. ஆண்டவரு வச்சிருந்தாலும் சரி, எடுத்துக்கிட்டாலும் சரி. புள்ள மோட்சத்துக்குப் போயிடும்." சுவரோரத்துப் பெண்கள் அழுதார்கள். அது சந்தோஷ அழுகை. யாரோ செபமாலையைத் தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். தெரேசாள் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் சொல்ல, மற்றவர்கள் மழையை மீறிப் பதில் சொன்னார்கள். காலையிலிருந்து அந்த அறையைப் பிடித்திருந்த இறுக்கம் போய்விட்டது.

எனக்கும் அது வந்தது. தோள் இளகியது. முடிந்தது, இனிமேல் ஆண்டவர் பாடு என்று உள்ளே ஏதோ சொன்னது. அந்த நிம்மதி எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அன்று முழுவதும் நான் பட்ட பயங்களைவிட இப்போதும் என்னைக் குலுக்குவது அந்த நிம்மதிதான்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" வாசலில் நின்றிருந்த சவரிமுத்து கேட்டார். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் அவர் காலையிலிருந்து தாழ்வாரத்திலேயே நின்றிருந்தார்.

நான் நிறுத்தவில்லை, மூச்சு வாங்கினேன். அப்படித்தான் நினைத்தேன். மறுபடியும் குனிந்தேன். அப்போதுதான், செபச் சத்தத்துக்கும் மழைக்கும் அடியில், லூர்தம்மாள் தன் நாத்தனாரைக் கூப்பிடுகிற குரல் கேட்டது. அவள் அதற்கு முன்பே ஒருமுறை கூப்பிட்டிருக்க வேண்டும். சொல்லிக்கொண்டிருந்ததன் கடைசிப் பகுதி போல இருந்தது.

"அண்ணி... கால்கிட்ட சூடா ஓடுது. கண்ணு இருட்டுது."

திரும்பிப் பார்த்தேன். பாய் தாண்டித் தரையில் வந்திருந்தது. நஞ்சுக்கொடி விழுந்து, பின்னாலேயே ரத்தம். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கு இருப்பது இரண்டு கை, ஒரு வாய். பிள்ளையை விட்டால் பிள்ளை போகும். இவளை விட்டால் இவள் போவாள், நிச்சயமாக, சீக்கிரமாக. மசேரைக் கூப்பிட முடியாது. டாக்டரைக் கூப்பிட முடியாது. என் மந்திரத்தைத் தேடினேன். அது இல்லை. முதல் வார்த்தைகூட வரவில்லை. ஆண்டவரே என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று தோன்றியது.

"சவரிமுத்தண்ண, உள்ள வாங்க" என்றேன்.

பெண்கள் செபத்தை நிறுத்தினார்கள். ஒருத்தி அவசரமாக லூர்தம்மாள் மேல் புடவையை இழுத்துப் போட்டாள். அவர் தயங்கினார்.

"வாங்கன்றேன். புள்ளயப் புடிங்க. நான் செஞ்சத பாத்தீங்கல்ல? வாய் மேல வாய வச்சு ஊதுங்க. மெழுகுவத்தி எதிர்ல வச்சு ஊதுனா சுடர் சாயணும், அணையக் கூடாது. அவ்ளோதான் காத்து."

"எனக்குத் தெரியாதேம்மா."

"எனக்கும் இதான் மொதத் தபா. ஊதுங்க."

அவர் உட்கார்ந்தார். தறியில் அறுந்த இழையைப் பிடிக்கிற விரல்கள் அவருடையவை. பிள்ளையின் தாடையை இரண்டு விரலால் தாங்கி ஊத ஆரம்பித்தார். நான் லூர்தம்மாள் பக்கம் போனேன். அடிவயிற்றைத் தொட்டால் பிசைந்த மாவு போல இளகிக் கிடந்தது. அழுத்தித் தேய்த்தேன். பையிலிருந்த மருந்தைக் கொடுக்க வேண்டும். அதற்குக் கையை எடுக்க வேண்டும். கையை எடுத்தால் ரத்தம் பாயும்.

தெரேசாள் பக்கத்திலேதான் இருந்தார். கண் மூடியே இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது.

"தெரேசாக்கா, கண்ணத் தொறங்க."

"செபம் பாதியில நிக்குது."

"செபத்த வுட வேணாம். கண்ணத் தொறந்துக்கிட்டு சொல்லுங்க. கைய இங்க குடுங்க."

அவர் கண்ணைத் திறந்தார். தரையைப் பார்த்தார். "ஐயோ சேசுவே" என்றார். அன்று காலையிலிருந்து அவர் சொன்னவற்றில் எனக்குச் செபமாகக் கேட்டது அது ஒன்றுதான். அவர் கையை முஷ்டியாக்கி வயிற்றில் வைத்து அழுத்திக் காட்டினேன். "இது கல்லு மாதிரி இருக்கணும். இளகுனா உடனே சொல்லுங்க."

மருந்தைக் கொடுத்தேன். அவள் கால்களுக்கு அடியில் மடித்த கோணியை வைத்து உயர்த்தினேன். பிறகு லூர்தம்மாளின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். அவள் கண் மேலே செருகப் பார்த்தது. "என்னப் பாரு" என்றேன். பார்த்தாள். மறுபடியும் செருகியது. "என்னப் பாரு, லூர்து." எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. அவள் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மூக்குத்தி வாங்க வக்கில்லாமல் போட்டிருந்த வேப்பங்குச்சி தெரிந்தது. அந்த முகத்தைத் தவிர உலகத்தில் எனக்கு எதுவுமே இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் செபிக்கவில்லை. செபிக்கவில்லையே என்ற நினைப்பும் வரவில்லை.

தெரேசாள் மறுபடியும் சொல்லத் தொடங்கியிருந்தார். இப்போது மெதுவாக. ஒவ்வொரு மந்திரத்துக்கும் முஷ்டியை ஒரு அழுத்து. சில சமயம் மந்திரத்தின் நடுவிலேயே நிறுத்தி, "இளகுது" என்பார். நான் கை கொடுப்பேன். "கெட்டியாச்சு" என்பார். விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

அப்போது, துருப்பிடித்த கீல் கிரீச்சிட்டது போல ஒரு சத்தம். சவரிமுத்து தலையைத் தூக்கினார். அவர் கையில் இருந்தது இன்னொரு முறை அந்தச் சத்தத்தைப் போட்டது.

"கேட்டுச்சா?" என்றேன் லூர்தம்மாளிடம்.

அவள் உதடு அசைந்தது. "கேட்டுச்சி."

இப்படியே முடிந்திருந்தால் உங்களுக்கு நல்ல கதையாக இருந்திருக்கும். பிள்ளையின் மூச்சு வந்தது, நின்றது, வந்தது. சவரிமுத்து ஊதுவதை விடவில்லை. சாயங்காலம் மழை தூறலாகிப் போன நேரத்தில், "நின்னுடுச்சி" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். நின்றிருந்தது. வாசலைப் பார்த்தபடி அவர் கேட்டார்.

"நான் ஊதுனது தப்பாம்மா?"

"இல்ல. நீங்க ஊதலன்னா அவன் ஒரு சத்தமும் போட்டிருக்க மாட்டான். அவன் அழுதத அவங்கம்மா கேட்டா."

தெரேசாள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. முஷ்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. "இங்க கெட்டியாத்தான் இருக்குது" என்றார். "நான் எடுக்க மாட்டேன்."

மறுநாள் பிள்ளையைச் சுவருக்கு உள்ளேதான் புதைத்தார்கள். அது அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று சொன்னால் உங்களுக்கு இப்போது விளங்காது. அதைச் சின்னதாக நினைத்துவிடாதீர்கள்.

நடந்ததை மசேரிடம் சொன்னேன். மந்திரம் வராமல் போனதையும் சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். "போய்ச் சாப்பிடு. நாளையிலிருந்து தினமும் அந்த வீட்டுக்குப் போ. காய்ச்சல் வந்தால் எனக்குச் சொல்" என்றார். அவ்வளவுதான்.

தினமும் போனேன். ஒவ்வொரு நாளும் அந்தத் தெருமுனை திரும்பும்போது அழுகைச் சத்தம் கேட்குமோ என்று காது விறைக்கும். பிரசவக் காய்ச்சல் வந்தால் அந்த நாளில் பிழைத்தவர்கள் குறைவு. லூர்தம்மாளுக்கு ஒருநாள் உடம்பு சுட்டது. மறுநாள் தணிந்தது. அதற்குப் பிறகு கஞ்சி குடித்தாள், பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

அவள் எழுந்து உட்கார்ந்த அன்று, தெரேசாள் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். அவர் முகம் ஒடுங்கிப் போயிருந்தது.

"அன்னிக்கு லூர்து மொதத் தபா கூப்ட்டது எனக்குக் கேட்டுச்சி" என்றார். "மாதா கிட்ட பேசிக்கிட்டிருக்கேன், நடுவுல எப்பிடித் திரும்பறதுன்னு வுட்டுட்டேன். நீங்க திரும்பலன்னா?"

"திரும்பினோம்ல அக்கா" என்றேன். "அப்புறம் நீங்க கைய எடுக்கவே இல்லியே."

"அதுக்கப்புறம் சரி." அவர் என்னை விடவில்லை. "தண்ணி ஊத்துனதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன். மாதா கூப்ட்டிருப்பாங்களா, லூர்து வாயால? அத யோசிச்சா நெஞ்சு அடிச்சுக்குது. சாமியார் கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். அவரு பெருசா எடுத்துக்கல. எனக்குத்தான் தூக்கம் வரல."

மாதாதான் லூர்து வாயால் கூப்பிட்டாரா என்ற அவருடைய அந்தக் கேள்வியோடுதான் நான் இத்தனை வருடமும் வேலை செய்தேன். என்னிடம் வந்து அழுத பெண்ணுக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்: நீ யாரை மறந்தாய் என்று முதலில் பார். வலியில் கிடப்பவளை மறந்துவிட்டு மந்திரம் சொன்னால் அது பயத்துக்குப் போட்டுக்கொள்ளும் போர்வைதான். அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தபோது மந்திரம் வரவில்லை என்றால், அதற்காக நீ அழ வேண்டாம். செபிக்க நேரம் கிடைக்கும்போது செபி, நிறையவே செபி. இல்லாவிட்டால் அந்த முகத்தைப் பார்க்கிற தைரியம் வராது. அதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த அழைப்பு எனக்குச் சாரம் என்கிற ஊரிலிருந்து வந்தது. காலை நேரம், நல்ல வெயில். அது யார் வீடு என்றுகூட எனக்குத் தெரியாது. வாசல் வரைக்கும் போய்விட்டேன். உள்ளே அவள் முனகுகிற சத்தம் கேட்டதும் கால் நகரவில்லை. திரும்பிப் போய்விடலாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, "இன்னாம்மா வெளியவே நின்னுட்டீங்க?" என்றாள்.

"சேசுவே, அவள நான் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டேன். எனக்குள் சொன்னதாக நினைத்தேன், வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

"பாக்கலாமே, உள்ளதான் இருக்குது. வாங்க" என்றாள் அந்தப் பெண்.

போனேன்.